மாட்டுக்காரிக்குக் கல்வெட்டு

என் வதனி அக்காவுக்கு,

இன்று நவம்பர் எட்டாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். நீ போய் இருபத்து மூன்றாம் நாள். முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. கல்வெட்டு திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. அதாவது எனக்கு இருப்பது ஒன்றரை நாள்.

தலைநகரின் ஓரத்தில், ரொம்சோஸ் அடுக்குமாடி வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அம்மா உள் அறையில். வெளியே இப்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான்: வீட்டில் யாரிடமும் கத்த முடியவில்லை. உன்னிடம் கத்தலாம். நீதான் திருப்பிக் கத்த மாட்டாயே.

உனக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியாமல் இருக்கலாம். சொல்கிறேன். ஸ்தவாங்கர் நகரில் மாலைக் கச்சேரிக்கு ஒலி சரிபார்த்தாய். தலையிடிக்கிறது என்று மேடைக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தாய். அவ்வளவுதான். மூளையில் ஒரு இரத்தக் குழாய். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன். சிலருக்கு இப்படி நடக்கும் என்றார் ஆஸ்பத்திரி வைத்தியர். சிலருக்கு! நான் தே-பான நிலத்தடி ரயிலுக்கு சமிக்ஞை பார்க்கிறவன். ஒரு விளக்கு காரணமில்லாமல் சிவப்பில் நின்றால், ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் நாங்கள் வீட்டுக்குப் போவதில்லை. முப்பத்திரண்டு வயது மனுசி ஒருத்தி நின்றுபோனால் மட்டும் "சிலருக்கு இப்படி நடக்கும்" போதுமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சரி. கல்வெட்டுக்கு வருகிறேன். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். முன்பக்கத்தில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வம்சாவளி, பிறகு அவர் பிறந்தது, படித்தது, பார்த்த உத்தியோகம் எல்லாம் செய்யுளாக. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, பெயர் மட்டும் கல்வெட்டு. அது ஊருக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும். அலுமாரிகளில் இருக்கும். பிறகு வருகிற பிள்ளைகளுக்கு நீ யார் என்று அதுதான் சொல்லும்.

உன் கல்வெட்டை எழுதுவது பெரியப்பா. அப்பா இல்லாத வீட்டுக்கு அப்பாவின் தமையன்தானே பொறுப்பு. வியாழக்கிழமை எனக்குப் பிரதி அனுப்பினார். அதில் ஒரு வரி இப்படிப் போகிறது: "மருந்தகம் தன்னில் மாண்புறப் பணிபுரிந்த மங்கையர் திலகம்." எட்டு அடியில் உன் வாழ்க்கை முடிந்துவிட்டது. எட்டிலும் நீ பாடினாய் என்று ஒரு சொல் இல்லை. மூன்று தடவை வாசித்தேன். இல்லை.

அப்படியென்றால் இதெல்லாம் யாருக்கு நடந்தது, அக்கா?

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தேவாரம் பாடுவாள் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். அவள் பழைய சாமான் கடையில் வாங்கிய சப்பாத்தோடு, கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்து, நாற்று நடுகிற பாட்டை அமெரிக்கக் கௌபோய் மெட்டில் பாடினாள். மண்டபமே உறைந்துபோனது. பெரியப்பா எழும்பிக் கேட்டார்: "பிள்ளை, இது என்ன மாடு மேய்க்கிற பாட்டே?" அதோடு உன் பட்டம் மாட்டுக்காரி ஆகிவிட்டது. பின்னால் இருந்து பெடியள் "ம்மா" என்று கத்தினார்கள். நீ அழவில்லை. அடுத்த கிழமை கிற்றார் பெட்டியில் வெள்ளைப் பெயின்றால் மாட்டுக்காரி என்று தமிழில் எழுதினாய். உன் முதல் இசைத்தட்டுக்கும் அதுதான் பெயர்.

மருந்தகத்தில் இரண்டு வருடம் வேலை செய்தாய், உண்மை. பிறகு ஒரு நாள் வந்து சொன்னாய்.

"அம்மா, வேலையை விட்டிட்டன்."

"எந்த வேலையை?"

"பாடாத வேலையை."

அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் உனக்கு மட்டும் புட்டு அவித்தார்.

மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளில், லொறி ஓட்டுகிறவர்களும் மரம் வெட்டுகிறவர்களும் கூடுகிற மழைக்காலத் திருவிழாக்களில் பாடினாய். முதல் ஊரில் வாசலில் நின்றவன் உன்னைப் பார்த்து "சாப்பாட்டுக் கடைகள் அந்தப் பக்கம்" என்று கை காட்டினான். "தெரியும், பசிக்குது. பாடிப்போட்டு வாறன்" என்று அவனுடைய ஊர்ப் பேச்சிலேயே சொன்னாயாம். அவன் முன்வரிசையில் நின்று ஆடினானாம். இதை நீ எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பாய்? நான் ஒவ்வொரு தரமும் "கேட்டாச்சு" என்பேன். இப்போது இன்னொரு தரம் சொல்லேன்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நடுவர் கேட்டார், உண்மையில் நீ எந்த இடம் என்று. "ரொம்சோஸ். அங்கையும் மலை இருக்கு, ஆனால் லிஃப்ற் வேலை செய்யாது" என்றாய். நாடே சிரித்தது. மூன்றாவதாக வந்தாய். முதலாவதாக வந்தவனை இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிறகு படம். என்ன வேடம்? துப்புரவு செய்கிற பெண். வேறென்ன தருவார்கள். நீ மாட்டேன் என்று சொல்வாய் என நினைத்தேன். நீயோ, அந்தப் பெண் பாடினால் நடிக்கிறேன் என்று நிபந்தனை போட்டாய். வேலை முடிந்து ஆட்கள் போன வெறும் கந்தோர் ஒன்றில், வாளியைத் தள்ளிக்கொண்டு, நீயே எழுதிய பாட்டு. இருபது வருடம் அதே மாதிரிக் கந்தோர்களைத் துடைத்த அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இடைவேளையில் அம்மா சொன்ன விமர்சனம் உனக்கு நினைவிருக்கும்: "பாட்டு நல்லது. மொப் பிடிச்சதுதான் சரியில்லை. இப்பிடிக் குனிஞ்சால் நாரி உடையும்." நீ சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி மூன்று வருடம் அந்தத் தொலைக்காட்சித் தொடர். ஒவ்வொரு கிழமையும் ஒரு பண்ணை, ஒரு மாட்டுக்கொட்டில், நடுவில் நீ. அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "ஏன்டா, பிள்ளை ஏன் சாணத்துக்குள்ள நிண்டு பாடுது? இவையளுக்கு ஒரு மண்டபம் இல்லையே?" ஆனாலும் ஒரு கிழமையையும் தவறவிடவில்லை. தொலைபேசி அடித்தால் எடுக்க மாட்டார்.

இதில் எதுவும் கல்வெட்டில் இல்லை. நேற்று முன்பக்கம் வந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விசர் பிடித்தது.

நான் அனுப்பியது உன் நிகழ்ச்சிப் படம். தொப்பி, கட்டம் போட்ட சட்டை, மார்புக்குக் குறுக்கே கிற்றார். திரும்பி வந்த படத்தில் நீ அரக்குச் சீலையில் இருக்கிறாய். தலையில் பூ. நெற்றியில் பொட்டு. கழுத்தில் அட்டியல். முகம் உன்னுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ.

உடனே பக்கத்து அம்மருட்டுக்குப் போனேன். படம் பிடிக்கிற, கல்வெட்டு அடுக்குகிற சிவம் அண்ணை அங்கேதான் இருக்கிறார். கதவைத் திறந்ததுமே கேட்டேன்.

"அண்ணை, உந்த உடம்பு ஆரின்ரை?"

"இரு தம்பி. தேத்தண்ணி குடி."

"ஆரின்ரை உடம்பு?"

"அது ஒரு சீலைக்கடை விளம்பரம். நல்ல உடம்பு தம்பி. எல்லா முகத்துக்கும் பொருந்தும். பன்னிரண்டு பேருக்குப் போட்டிட்டன். ஒருத்தரும் குறை சொல்லேல்லை."

"செத்தாக்கள் எப்பிடிக் குறை சொல்லுவினம்?"

"உறவுக்காரரைச் சொன்னனான். ஆம்பிளையளுக்கு ஒரு கோட்டும் கழுத்து ரையும் வைச்சிருக்கிறன். அவைக்கு அது, இவைக்கு இது. உன்ரை அப்பாவுக்குப் போட்டதும் அந்தக் கோட்டுத்தான்."

அக்கா, அப்பா கோட்டுப் போட்டதே இல்லை. சாமி அறையில் பதினாலு வருடமாக மாலையோடு தொங்குகிற படத்தில் இருப்பது அப்பாவின் தலை மட்டும். நீ இருந்திருந்தால் நிலத்தில் விழுந்து சிரித்திருப்பாய். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். வரவில்லை. சிவம் அண்ணையின் வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவில் குந்தி இருந்து அழுதேன். அந்த மனுசன் என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அங்கிருந்து நேரே பெரியப்பாவிடம். சப்பாத்தைக் கழற்றாமல் தொடங்கினேன்.

"பெரியப்பா, அவள் பாட்டுக்காரி. பாட்டுக்காரி எண்டு போடுங்கோ."

"இரடா முதல். மருந்தகத்திலை வேலை செய்தவள்தானே? அது பொய்யே?"

"ரெண்டு வருசம் வேலை. பத்து வருசம் பாட்டு."

"கூத்தாடினதையெல்லாம் கல்வெட்டிலை போடுறேல்லை. அது முறையில்லை."

"எங்கை எழுதியிருக்கு, போடக்கூடாது எண்டு? காட்டுங்கோ."

வழக்கம்போல அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கபிலன், அவளுக்காக இந்த நாடு முழுக்க அழுது முடிச்சிட்டுது. பேப்பரிலை போட்டாச்சு. ரீவியிலை போட்டாச்சு. ஆரோ ஒரு வெள்ளைக்காரி பூக்கொத்தோடை இஞ்சை வாசலிலை நிண்டு அழுறாள், நான் அவளுக்கு ஆறுதல் சொல்லுறன். என்ரை தம்பியின்ரை பிள்ளை. நான் தூக்கி வளத்த பிள்ளை. நான் ஆரிட்டைப் போய் அழ? எங்களுக்கெண்டு இந்த இருபது பக்கம்தான் கிடக்கு. இதுக்குள்ளையும் அவையின்ரை ஆளைத்தான் போடவேணுமே?"

அவர் சொன்னது பிழையில்லை. அதுதான் என்னை வதைக்கிறது. பிழையான ஆள் ஒருவர் சரியான ஒன்றைச் சொன்னால் என்ன செய்வது? நீ சொல்லு.

ஏனென்றால் இந்த நாட்டுத் தொலைக்காட்சிக்காரரும் உன்னை முழுதாய்ப் போடவில்லையே. உனக்கு அஞ்சலி நிகழ்ச்சி ஒன்று போட்டார்கள். நீ எந்த மேடையிலும் கடைசியாகப் பாடுவது அந்தத் துப்புரவுப் பாட்டு. அதில் கடைசிச் சரணம் தமிழ்:

விடியமுன்னம் போறவளே, வெளிச்சத்தை அணைக்காதை,
வெறுங் கோப்பை ஓரத்திலை உன்ரை சூடு ஆறேல்லை.

அந்தச் சரணத்தை வெட்டிவிட்டார்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் கேட்டேன். நேரம் போதவில்லை, பார்க்கிறவர்களுக்கு விளங்காது என்று அந்தப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். லொறிக்காரர்களுக்கு விளங்கியதே? மழையில் நின்று சேர்ந்து பாடினார்களே? இசைத்தட்டிலும் அந்தச் சரணம் இல்லை. முன்பு அதற்கும் யாரோ நேரம் போதாது என்றிருக்கிறார்கள். ஆக, தமிழில் நீ பாடியதை அவர்கள் எடுத்துவிட்டார்கள், பாடினாய் என்பதையே நாங்கள் எடுத்துவிட்டோம். மிச்சம் என்ன? சீலைக்கடைக்காரியின் உடம்பு.

கடைசியாக அம்மாவிடம் போனேன். அம்மா ஒரு சொல் சொன்னால் பெரியப்பா மீற மாட்டார். அதுதான் என் கணக்கு. அம்மா உன் தொடரைப் போட்டுவிட்டுச் சத்தத்தை முழுதாய்க் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எப்போதும் அப்படித்தான். நீ வாயைத் திறந்து மூடுகிறாய். மாடுகள் தலையாட்டுகின்றன. சத்தம் இல்லை. நான் இரண்டு தரம் கூட்டி வைத்தேன். இரண்டு தரமும் எழும்பிப் போய்விட்டார்.

படத்தை அவர் மடியில் வைத்தேன்.

"பாருங்கோ அம்மா, சிவம் அண்ணை செய்து வைச்சிருக்கிற வேலையை. வேண்டாம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ."

அம்மா படத்தைக் கையில் எடுத்தார்.

"நான்தான்டா கேட்டனான்."

"என்ன?"

"சீலையோடை ஒருக்கா பாக்கவேணும் போலை இருந்தது. கலியாணத்துக்குப் பாக்கலாம் எண்டு இருந்தனான்."

"அம்மா, இது அக்காவின்ரை உடம்பில்லை."

"பெத்தவளுக்குத் தெரியாதே? இந்தப் பிள்ளைக்கு ரெண்டு தோளும் நேராயிருக்கு. வதனிக்கு இடக்கை பக்கத் தோள் இறங்கியிருக்கும். அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி." உன் படத்தை விரலால் தடவினார். "சீலை கிடக்கட்டும். முகத்தை வெள்ளையாக்கிப் போட்டான். அதை மட்டும் மாத்தச் சொல்லு. என்ரை பிள்ளை என்ரை நிறம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. பாட்டுக்காரி என்று எழுதச் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். அம்மா திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எழுதினால் என்ன, எழுதாட்டி என்ன? வாசிக்கிறதுக்கே பிள்ளை பாடினது?"

"அப்ப மண்டபத்திலை அவளின்ரை பாட்டைப் போடுவமே? கடைசிச் சரணம் என்ரை போனிலை கிடக்கு."

"ஸ்பீக்கரிலை போடாதை." அப்போதுதான் முதல் தடவையாக என் கையைப் பிடித்தார். நோகப் பிடித்தார். "அந்தக் குரல் வந்தால் பிள்ளை உள்ளுக்குள்ள நிக்குது எண்டு நான் தேடுவன் கபிலன். தேடிக்கொண்டே போயிடுவன். ஆராவது இருக்கிற ஆள் பாடட்டும். என்னாலை அதைக் கேக்கேலும்."

இருக்கிற ஆள். அந்தச் சரணம் முழுதாய் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். உன் வாத்தியக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுத் தெரியாது. பெரியப்பா கேட்டதே இல்லை. இந்தக் குசினியில், இந்த மேசையில், நீ ஒவ்வொரு சொல்லாய் மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தபோது, "இன்னும் முடியேல்லையோ, எனக்கு நாளைக்கு வேலை" என்று எரிந்து விழுந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன் ஒருத்தன்தான். அவனுக்குச் சுருதி கிடையாது. நீயே சொல்லியிருக்கிறாய், லிஃப்ற் கதவு மூடுகிற சத்தம்கூட உன்னைவிடச் சேர்ந்து வரும் என்று.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நான் அழுவதைப் பார்க்க இருநூறு பேர் வருவார்கள். காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்த்தேன். முதல் அடியோடு தண்ணீரை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்: "அணைக்காதை" என்ற இடத்தில் நீ மேலே போவாயா, கீழே இறங்குவாயா? போனில் போட்டுக் கேட்கலாம். என்னால் போட முடியவில்லை. அம்மாவுக்கு மட்டும்தான் அந்தப் பயம் என்று நினைத்திருந்தேன்.

மேலேயா, கீழேயா?

சரி. நீ சொல்ல மாட்டாய். எனவே உனக்கு வாக்குத் தருகிறேன். பேச்சாக இல்லை, வேலையாக. இதை வாசிக்கிறவர்கள் சாட்சி.

1. இன்று மாலை சிவம் அண்ணையிடம் போவேன். சீலை இருக்கும். உன் நிறம் திரும்பி வரும்வரை அவருடைய கதிரையை விட்டு எழும்ப மாட்டேன்.

2. நாளை காலை பெரியப்பாவிடம் போவேன். இந்த முறை சப்பாத்தைக் கழற்றிவிட்டு. எட்டு அடியையும் அவர் விருப்பப்படி வைத்திருக்கட்டும், ஒன்பதாவதாக ஒரு அடி எழுதச் சொல்லிக் கேட்பேன். நான் எழுதினால் இலக்கணம் உதைக்கும். அவர்தான் எழுத வேண்டும். மறுத்தால் களவாய் எதையும் நுழைக்க மாட்டேன்.

3. அந்தத் தொலைக்காட்சிக்காரிக்கு, மறு ஒளிபரப்பில் முழுப் பாட்டையும் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாட்டையே எடுத்துவிடுங்கள் என்று எழுதுவேன். மரியாதையாக. ஒரு தரம் மட்டும்.

4. இன்றைக்கே போனைத் திறந்து அந்தச் சரணத்தைக் கேட்பேன். தனியாக வெளிக்கிட்டு எங்காவது காட்டுப் பக்கமாக நடந்துகொண்டு கேட்பேன். விழுந்தால் பனியில் விழலாம்.

5. ஞாயிறு பதினாறாம் திகதி, ஐயர் கிரியை முடித்து, இலை போட முதல், மண்டபத்தின் நடுவில் நின்று பாடுவேன். கிற்றார் இல்லாமல், மைக் இல்லாமல், முழுதாக. யார் "ம்மா" என்று கத்தினாலும் பாடுவேன்.

6. அம்மா எழும்பி வெளியே போனால், பாட்டை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பின்னால் போவேன். அவர் நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன். அவருக்கு ஏலும் என்றபோது கூட்டிக்கொண்டு வந்து இருத்தி, முதல் வரியில் இருந்து தொடங்குவேன்.

உன் பாட்டுக்குச் சுருதி சேராத ஒரே தம்பி,
கபிலன்